நீர் எழுதாத காற்று

இறங்குவதற்கு முன் மிதவை விமானம் ஏரியை ஒருமுறை வட்டமடிக்கும். கரையில் நிற்பவர்களுக்கு அது இடம் தேடுவதுபோலத் தோன்றும். விமானியோ அப்போது படித்துக்கொண்டிருக்கிறார். தரையிலுள்ள ஓடுதளம் என்றால் காற்றின் திசை காட்டும் துணிக்குழாய் இருக்கும், கோபுரத்தில் உட்கார்ந்திருப்பவர் வேகத்தைச் சொல்வார். அலாஸ்காவின் உள்ளொடுங்கிய ஓர் ஏரியிலோ கனடாவின் மேற்குக் கரையோரத் தீவு ஒன்றின் குடாவிலோ இரண்டும் கிடையாது. புகைபோக்கியின் புகை எந்தப் பக்கம் சாய்கிறது, நங்கூரமிட்ட படகுகள் எந்தத் திசைக்கு மூக்கை நீட்டி நிற்கின்றன, வாத்துகள் எதைப் பார்த்து இறங்குகின்றன, துறையில் காயப்போட்ட துணி எப்படிப் படபடக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கண் பொறுக்கிச் சேர்க்கும். எல்லாவற்றையும் விட முக்கியமானது கீழே விரிந்து கிடக்கும் நீர். காற்று கண்ணுக்குத் தெரியாது. அது தொட்ட நீர் தெரியும். இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும் அந்தப் படிப்பை நம்பித்தான் ஆறேழு பேர் கீழே வருகிறார்கள். அதை நினைக்க நினைக்க ஒரு கேள்வி மனதை விட்டுப் போகாமல் தங்கிவிடுகிறது: அந்த நீரில் எழுதியிருப்பது எப்போது வீசிய காற்று?

நீரின் மேல் ஒரே நேரத்தில் பல காலங்கள் கிடக்கின்றன. நீண்டு, மெதுவாக உருண்டு வரும் பேரலை, நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் நேற்றோ முந்தாநாளோ அடித்த காற்றின் மிச்சம். இங்கே இலை அசையாத நாளிலும் அது வரும். இங்கே வீசும் காற்றுக்குக் குறுக்காகவும் வரும். குட்டையாக, நெருக்கமாக எழும் அலைகள் கடந்த சில மணி நேரத்தின் கணக்கு. காற்றின் போக்கிலேயே கோடு கோடாக நீளும் நுரைத்தடங்கள் சில நிமிடங்களில் உருவாகிவிடுபவை. 1932இல் வேதியியலுக்கு நோபல் பரிசு பெற்ற அமெரிக்கர் இர்விங் லாங்மியூர், 1927இல் அட்லாண்டிக்கைக் கப்பலில் கடக்கும்போது சர்காசம் என்ற கடற்பாசி இப்படி வரிசை வரிசையாக ஒதுங்கிக் கிடப்பதைப் பார்த்தார். அந்தக் காட்சி அவரை விடவில்லை. நியூயார்க் மாநிலத்தின் ஜார்ஜ் ஏரியில் சோதனை செய்து பார்த்து, 1938இல் காரணத்தை எழுதினார். மேற்பரப்புக்குக் கீழே, காற்று வீசும் திசையிலேயே, நீர் நீண்ட உருளைகளாகச் சுழல்கிறது. பக்கத்துப் பக்கத்து உருளைகள் இரண்டு கூடிக் கீழிறங்கும் இடத்தில் மிதப்பதெல்லாம் வந்து சேர்கிறது. விமானிக்கு அந்தக் கோடு பெரிய உதவி. ஆனால் கோட்டின் எந்த முனையிலிருந்து காற்று வருகிறது என்பதை அது சொல்லாது. அதற்கு வேறு குறி பார்க்க வேண்டும். காற்று வரும் பக்கத்துக் கரையை ஒட்டி நீர் ஒரு பட்டையாக வழவழவென்று கிடக்கும். அலையின் தலை உடைந்து விழுந்த நுரை, அலை அடியில் நழுவி முன்னே போய்விடுவதால், காற்றை எதிர்த்துப் பின்னால் போவதுபோலத் தெரியும்.

கடைசியாக, சிலிர்ப்பு. ஒரு வீச்சு திடுமென்று நீரைத் தொடும்போது அந்த இடம் மட்டும் உடம்பு சிலிர்ப்பதைப்போல நுண்ணலைகளாகி இருண்டுபோகும். அந்த இருட்டு ஏரியின் மேல் ஓடும், அகலும், கலையும். நீரில் உள்ள எழுத்துகளில் நிகழ்காலத்துக்கு மிக நெருங்கியது இதுதான். அப்போதும் அது நீரை ஏற்கெனவே தொட்டுவிட்ட காற்று. முப்பது அடி உயரத்தில், இன்னும் ஐந்து விநாடியில் இடது இறக்கைக்கு மட்டும் வரப்போகிற காற்று நீரில் எங்கும் எழுதப்பட்டிருக்காது.

அந்த ஐந்து விநாடிக் காற்று சிறிய விமானத்துக்கு ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? வானிலை அறிக்கையில் வரும் வேகம் ஒரு சராசரி. சர்வதேச நடைமுறையில் பத்து நிமிடத்துச் சராசரியை எடுத்துக்கொண்டு, காற்று அதைவிட 10 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல் என்ற வேக அளவு) அல்லது அதற்கு மேல் எகிறினால்தான் வீச்சு என்று தனியே குறிப்பார்கள். சராசரி 15, வீச்சு 27 என்று ஓர் அறிக்கை வந்தால், இடையில் உள்ள 12 நாட் எந்த நேரமும் வரலாம், வந்த வேகத்தில் இல்லாமலும் போகலாம். 140 நாட் வேகத்தில் இறங்கும் பெரிய ஜெட்டின் எதிர்காற்று திடீரென்று 12 நாட் குறைந்தால், இறக்கையின் தாங்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அந்த விசையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு போகும். பயணிகள் ஒரு குலுக்கலை உணர்வார்கள். பீவர், செஸ்னா போன்ற சிறிய மிதவை விமானங்கள் 60, 70 நாட் வேகத்தில் வருபவை. 60 நாட்டில் வரும் ஒன்றுக்கு அதே 12 நாட் இழப்பு, தாங்குவிசையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். காற்று மாறியது ஒன்றுதான். ஒருவருக்குப் படியில் கால் தடுமாறியது, இன்னொருவருக்குப் படியே இல்லாமல் போனது.

இதற்கு விமானிகள் கையாளும் வழி, வீச்சின் அளவில் பாதியை இறங்கும் வேகத்தோடு கூட்டிக்கொள்வது. 60க்குப் பதில் 66 நாட்டில் வந்தால் இறக்கைக்குக் கொஞ்சம் கையிருப்பு கிடைக்கும். ஆனால் பத்தில் ஒரு பங்கு வேகம் கூடினால் மோதும் ஆற்றல் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. தார்ச்சாலையில் அந்த மிகுதியைச் சக்கரமும் பிரேக்கும் வாங்கிக்கொள்ளும். இங்கே வாங்கிக்கொள்ள வேண்டியது நீர், அதுவும் வீச்சுக் காற்று கிளப்பிவிட்ட அலையோடு கூடிய நீர். கையால் அளையும்போது மெத்தென்று இருக்கும் இந்தப் பொருள் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. வேகமாக மோதுபவர்களுக்கு அது கல். ஆக, வானத்தில் உயிரைக் காக்கும் அதே 6 நாட், நீரைத் தொடும் கணத்தில் எதிர்ப்பக்கம் சேர்ந்துகொள்கிறது. எந்த நூலும் இந்தக் கணக்கை முழுமையாகத் தீர்த்துத் தருவதில்லை. அந்தந்த நாளில், அந்தந்தக் குடாவில், ஒருவருடைய கை தீர்க்க வேண்டியிருக்கிறது.

தொடும் கணத்தைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மிதவையின் அடிப்பாகம் படகின் வயிறுபோல இருக்கும். நடுவுக்குச் சற்றுப் பின்னால் குறுக்கே ஒரு படி வெட்டியிருக்கும். விமானம் வேகமெடுக்கும்போது நீரின் பிடியை உதறிவிட அந்தப் படிதான் வழி செய்கிறது. இறங்கும்போதும் அந்தப் படியை ஒட்டிய இடம்தான் முதலில் நீரைத் தீண்ட வேண்டும். மூக்கு கொஞ்சம் தாழ்ந்தால் மிதவையின் முனை அலைக்குள் குத்தி, விமானம் முன்பக்கமாகக் கவிழும். பக்கக்காற்றில் விமானம் ஓரமாக நழுவிக்கொண்டே நீரைத் தொட்டால், சக்கரத்தைப்போல் தேய்ந்து வழுக்க மிதவைக்குத் தெரியாது. அது நீரைக் கவ்விக்கொள்ளும், மேலே இருக்கும் பாரம் தன் போக்கில் போகும், நழுவும் பக்கத்து இறக்கை நுனி நீருக்குள் இறங்கும். அதனால் காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, அந்தப் பக்கத்து மிதவையை முதலில் வைக்கிறார்கள். வைத்த அரை நொடியில் ஒரு வீச்சு வந்தால் விமானம் மறுபடி எழும்பிவிடும். எழும்பும் அளவுக்குக் காற்று இருக்கிறது, பறக்கும் அளவுக்கு வேகம் இல்லை. வீச்சு அடங்கும். நான்கைந்து அடி உயரத்தில், தாங்க ஒன்றுமில்லாமல், விமானம் கீழே இருக்கும் அலை எதுவோ அதன் மேல் விழும். தொப்பென்ற ஒலியும், கண்ணாடி முழுக்கச் சிதறும் நீரும், வாயில் உப்பும். பெரும்பாலும் அவ்வளவோடு முடிந்துவிடும்.

காற்றே இல்லாதிருந்தால் நல்லதல்லவா என்று தோன்றும். இந்தத் தொழிலின் விசித்திரம் அங்கேதான் இருக்கிறது. சலனமற்ற நீர் கண்ணாடியாகிவிடும். வானமும் மலையும் அதில் தலைகீழாக நிற்கும். நீர்மட்டம் ஐம்பது அடி கீழே இருக்கிறதா ஐந்து அடி கீழே இருக்கிறதா என்று அனுபவசாலியின் கண்ணாலும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட நாளில் கண்ணை நம்பாமல், நிமிடத்துக்கு 150 அடி என்ற கணக்கில் மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டே வந்து, நீர் தானாக வந்து தட்டும்வரை காத்திருக்கப் பயிற்சி கொடுக்கிறார்கள். கிளம்புவதற்கும் காற்று தேவை. சின்ன அலைகள் மிதவையின் அடியில் காற்றைப் புகுத்தி நீரின் உறிஞ்சலைத் தளர்த்தும். எதிர்காற்று இறக்கைக்கு இனாமாக வேகம் கொடுக்கும். விமானி காற்றுக்குப் பயப்படுகிறார், காற்றுக்காகவே ஏங்கவும் செய்கிறார்.

இந்த இரண்டையும் பத்துப் பதினைந்து நாட்களுக்குள் அனுபவித்த ஒரு தம்பதி உண்டு. சார்லஸ் லிண்ட்பெர்கும் ஆன் மோரோ லிண்ட்பெர்கும் 1933இல் தங்களுடைய லாக்ஹீட் சிரியஸ் மிதவை விமானத்தில் அட்லாண்டிக்கைச் சுற்றி வந்தார்கள். முன் இருக்கையில் கணவர். பின் இருக்கையில் வானொலிக் கருவியோடு மனைவி. நீர் என்ன செய்யும் என்பது அவர்களுக்குப் புதிதல்ல. 1931இல் சீனாவின் யாங்சி வெள்ளத்தில், ஹான்கோ நகரில், பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மீஸிலிருந்து இறக்கும்போது இதே விமானத்தை ஆற்றின் ஓட்டம் பிடித்துக் கவிழ்த்து, இருவரும் தண்ணீரில் குதித்திருக்கிறார்கள். 1933 நவம்பர் இறுதியில் கேப் வெர்டே தீவுகளின் போர்ட்டோ பிரையா துறையில் இறங்கினார்கள். அங்கே ஓயாத காற்று. திறந்த கடலிலிருந்து உருண்டு வரும் பேரலை. வெறும் வயிற்றோடு வந்து இறங்குவது வேறு, கடலைக் கடக்கும் அளவு எரிபொருளை நிரப்பிக்கொண்டு அதே அலைகளின் மேல் ஓடிக் கிளம்புவது வேறு. அது நடக்காது என்று தெரிந்து, ஆப்பிரிக்கக் கரையில் காம்பியா ஆற்றின் முகத்திலிருக்கும் பாதர்ஸ்டுக்குப் போனார்கள். இன்றைய பாஞ்சுல் நகரம் அது. அங்கே ஆறு தட்டையாகக் கிடந்தது, காற்று இல்லை. பாரம் ஏற்றிய விமானத்தை நீர் விட மறுத்தது. முயன்றார்கள், திரும்பினார்கள், சுமையைக் குறைத்தார்கள், காத்திருந்தார்கள். டிசம்பர் 6ஆம் தேதி, நிலவும் கொஞ்சம் காற்றும் சேர்ந்து கிடைத்த பின்னிரவில் நீர் அவர்களை விட்டது. ஏறக்குறைய பதினாறு மணி நேரம் கழித்துப் பிரேசிலின் நடால் நகரில் இறங்கினார்கள். ஆன் 1938இல் வெளியிட்ட 'லிசன்! த விண்ட்' என்ற புத்தகம் இந்தச் சில நாட்களை மட்டுமே சொல்வது. ஒரு முழுப் பயணத்தை விட்டுவிட்டு, காற்றைக் கவனித்தபடி காத்திருந்த நாட்களுக்கு ஒரு நூலையே கொடுத்த அவருடைய மனம் மறக்க முடியாதது. பறந்த தூரத்தைவிடக் காத்திருந்த நேரத்தில்தான் அந்த விமானத்தைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியவந்திருக்க வேண்டும்.

காற்று பலமாக இருந்தால் மனித மனம் ஒதுங்க இடம் தேடும். மழைக்கு மரத்தடிபோல, காற்றுக்கு மலையடி. குடாவின் ஒரு பக்கம் குன்று நின்றால் அதன் மறைவில் நீர் தட்டையாக, பச்சையாக, அழைப்பதுபோல இருக்கும். நடுக்கடல் முழுக்க வெண்ணுரை பூத்திருக்கும்போது அந்தத் தட்டை நீரைப் பார்க்கும் விமானிக்கு வேறு எங்கே போகத் தோன்றும்? ஆனால் குன்றைத் தாண்டி வரும் காற்று, பாறையைத் தாண்டும் ஆற்றைப்போல, மறுபக்கம் சரிந்து விழுகிறது, சுருள்கிறது, திரும்பி அடிக்கிறது. நீர் அமைதியாக இருப்பதற்குக் காரணம் காற்று அதை இன்னும் எட்டவில்லை என்பதுதான். இருநூறு அடி உயரத்தில் அது கொந்தளித்துக்கொண்டிருக்கலாம். கரையை ஒட்டிய வழவழப்பான பட்டை காற்றின் திசையைச் சரியாகவே சொல்கிறது. எவ்வளவு காற்று, எந்த உயரத்தில் என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. நீரை நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்தான் இங்கே அதிகம் ஏமாறக்கூடும் என்பது நெஞ்சை உறுத்துகிறது.

2009 நவம்பர் 29 அன்று, பிரிட்டிஷ் கொலம்பியாவின் சாட்டர்னா தீவில், லயல் ஹார்பர் என்ற குடாவிலிருந்து ஒரு பீவர் விமானம் எட்டுப் பேரோடு கிளம்பியது. அது இறங்கிய விமானமல்ல, ஏறிய விமானம். ஆனாலும் குன்றுகளுக்கு நடுவே வீச்சுக் காற்று என்ன செய்யும் என்பதை அதைவிடத் துல்லியமாகச் சொல்லும் சம்பவம் குறைவு. காற்றின் நிலையும் திருப்பத்தில் விமானம் சாய்ந்திருந்த கோணமும் சேர்ந்து இறக்கையின் தாங்குதிறனை முறித்தன என்று கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பின்னர் கண்டது. விமானியும் ஒரு பயணியும் வெளியே வந்தார்கள். ஆறு பேர், மூழ்கிய கேபினை விட்டு வெளியேற முடியாமல் இறந்தார்கள். விழுந்த அடி மட்டும் அவர்களைக் கொன்றுவிடவில்லை என்பதுதான் தாங்க முடியாத செய்தி. நீரில் விழுந்து மூழ்கிய விமானங்களில் இறந்தவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் நீரில் மூழ்கியே இறந்திருக்கிறார்கள் என்று, இருபது ஆண்டுக் கனடிய விபத்துகளைப் பார்த்து அதே வாரியம் சொன்னது. கதவும் ஜன்னலும் ஒரே தள்ளில் கழன்று விழ வேண்டும், எல்லோரும் மிதவை அங்கியை அணிந்தே பறக்க வேண்டும் என்று 2011இல் பரிந்துரைத்தது. மிதவை அங்கியும், விமானிகளுக்கு நீரடியில் வெளியேறும் பயிற்சியும் விதியாக வர 2019 ஆயிற்று.

அந்தப் பயிற்சியில், நீச்சல்குளத்தில் ஓர் இருக்கைக் கூண்டில் ஆளைக் கட்டித் தலைகீழாகப் புரட்டுவார்கள். மூக்கில் நீர் ஏறும்; மேல் எது கீழ் எது என்ற அறிவு முதலில் போகும்; கண் திறந்தாலும் குமிழிகள்தான். ஒரு கை கதவின் விளிம்பைப் பிடித்தபடியே இருக்க வேண்டும், மறு கை பெல்ட்டில். கதவைத் திறந்த பிறகுதான் பெல்ட்டை அவிழ்க்க வேண்டும். முதலில் அவிழ்த்துவிட்டால் உடம்பு மிதந்து, கதவு எங்கே இருந்தது என்பதே கைவிட்டுப் போகும். விரல்கள் ஓர் உலோக விளிம்பை நம்பியிருக்கும் அந்தச் சில விநாடிகளைச் சுற்றுலாப் பயணி ஒருவர் எப்படிக் கற்றுக்கொள்வார்? புறப்படும் முன் சொல்லப்படும் ஒரு நிமிட அறிவிப்பில் அதைக் கொடுத்துவிட முடியுமா? கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒருமுறை கதவின் பிடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னால்கூட எவ்வளவோ மேல்.

நீரைத் தொட்டு, வேகம் குறைந்து, மிதவைகள் நீருக்குள் அமர்ந்துவிட்டால் பயணிகள் கைப்பையை எடுக்கத் தொடங்குவார்கள். விமானியைப் பொறுத்தவரை அப்போதுதான் விமானம் மிகப் பலவீனமான படகாக மாறியிருக்கிறது. அதற்குப் பிரேக் கிடையாது. எஞ்சின் ஓடும்வரை முன்னே போய்க்கொண்டே இருக்கும்; நிறுத்தினால் காற்று கொண்டுபோகும். உயரமான வால், சேவல் உருவம் வைத்த காற்றுக்காட்டியைப்போல, எப்போதும் மூக்கைக் காற்றின் முகத்துக்குத் திருப்பப் பார்க்கும். மிதவைகளின் பின்னால் இருக்கும் சின்ன நீர்ச்சுக்கான்கள் பலமான காற்றுக்கு முன்னால் ஒன்றுமில்லை. பின்காற்றில் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போது காற்றை நோக்கித் திரும்பினால், திருப்பத்தின் வெளித்தள்ளலும் காற்றின் தள்ளலும் ஒரே பக்கம் சேர்ந்து, வெளிப்பக்கத்து மிதவையை அமுக்கிக் கவிழ்த்துவிடும். எதிர்காற்றிலிருந்து மறுபக்கம் திரும்பும்போது அவை ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். திரும்பவே முடியாத காற்றில், எஞ்சினை அணைத்து, பாய்மரக்காரனைப்போல வால் சுக்கானையும் இறக்கை மடல்களையும் சாய்த்துச் சாய்த்துப் பின்பக்கமாகவே மிதந்து துறைக்கு வருவார்கள். இந்தக் கலை விமானத்தைவிடப் பழையது.

மாலத்தீவுகளில் துறை சேரும் இந்தப் போராட்டத்தைத் தினமும் பார்க்கலாம். உலகின் மிகப் பெரிய கடல்விமானக் கூட்டம் அங்கேதான் இருக்கிறது. இரட்டை எஞ்சின் கொண்ட ட்வின் ஆட்டர்கள், பகல் வெளிச்சம் இருக்கும்வரை மட்டும், பவளத் திட்டுகளுக்குள் அடங்கிய கழிகளில் இறங்கி ஏறுகின்றன. அங்கே காற்றைச் சுருட்டி வீச மலை இல்லை. மழைமேகம் ஒன்று இருந்த இடத்திலேயே கொட்டிவிடும்போது அதன் அடியிலிருந்து நாலாபுறமும் பரவும் குளிர்காற்று போதும். வெறுங்காலோடு மிதவையில் இறங்கி நிற்கும் பணியாளர் கையில் கயிற்றைச் சுருட்டி வைத்துக்கொண்டு, மிதக்கும் மேடை நெருங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வீச்சில் அந்த இடைவெளி இரண்டடியிலிருந்து பத்தடி ஆகிவிடும். மாலத்தீவு மக்கள் ஆண்டை இரண்டு பருவக்காற்றாகப் பிரித்து, வடகிழக்குக்கு இருவாய் என்றும் தென்மேற்குக்கு ஹுல்ஹங்கு என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். அதே காற்றுகள் வந்து சேரும் தமிழ்க் கரையின் கடலோடிகளும் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கு ஒரு பெயர் சொல்வார்கள். திசையும் பருவமும் உள்ள காற்றுக்குத்தான் பெயர் நிற்கிறது. எங்கிருந்து வந்தது என்று திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விடும் வீச்சுக்கு, 'குப்பென்று அடித்தது' என்பதைத் தவிர வேறு என்ன சொல்வது?

விபத்துகளுக்கு அறிக்கை உண்டு; இறங்காமல் போன விமானங்களுக்குப் பெரும்பாலும் இல்லை. வடக்கத்திய குடாக்களில் இப்படி நடப்பதுண்டு: துறையில் ஐந்தாறு பேர் பெட்டிகளோடும் தபால் பையோடும் நிற்பார்கள். விமானம் வரும், வட்டமடிக்கும், தாழும். நீரைத் தொட்டுவிடும் என்று எல்லோரும் நினைக்கும் இடத்தில் எஞ்சின் முழுக்குரலில் உறுமும், விமானம் மேலேறிவிடும். இன்னொரு வட்டம். அதற்குப் பிறகு வருவதில்லை. ஒலி தேய்ந்து மலைக்கு அப்பால் போய்விடும். நிற்பவர்களின் காலடியில் நீர் தட்டையாகத்தான் இருக்கிறது. இதற்கு ஏன் திரும்பிப் போனார் என்று ஒருவர் கேட்பார், மற்றவர் தோளைக் குலுக்குவார். கீழே வைத்த பெட்டியை ஒருவர் தூக்கிக்கொண்டு படியேறத் தொடங்கும்போது, குடாவின் எதிர்க்கரை ஓரத்தில் நீர் கறுத்து, அந்தக் கறுப்பு இந்தக் கரையை நோக்கி ஓடி வரும். துறையில் கட்டிய படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பும்.